தன் பெயரைச் சொல்லாத தவிப்பு

அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் இரவில் அண்ணன் மூன்று முறை கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். மருந்து ஏறிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்க முயன்றார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்த கையோடு மூடச் சொன்னார். போர்வையை உதைத்துத் தள்ளினார், அடுத்த நிமிடம் அதையே தேடினார். யாரிடமும் குரலை உயர்த்தி நான் பார்த்திராத மனிதர், தண்ணீர் கொண்டுவந்த அண்ணியிடம் "போய்த் தொலை" என்றார். அண்ணி என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, "தம்பி, இவருக்கு மூளையில் ஏதாவது ஆகிவிட்டதா?" என்று கேட்டார். குரல் நடுங்கியது.

எனக்கும் அதே பயம்தான். மருத்துவர்கள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார்கள். ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, உப்புகள், காய்ச்சல், வலி, சிறுநீர் அடைப்பு. எதிலும் குறையில்லை. தூங்குவதற்கு மருந்து கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். அந்த இரவில் நான் நான்கு முறை படியிறங்கி வெளியே போனேன். வாசலுக்கு அப்பால் நின்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, மனம் நிதானப்பட்டதும் மேலே ஏறி வந்து, அண்ணனுக்கு என்னதான் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

காலையில் பணி மாறி வந்த செவிலியர்தான் கேட்டார்: "இவர் சிகரெட் பிடிப்பவரா? ஒரு நாளைக்கு எத்தனை?"

முப்பது வருடங்களாக, நாளொன்றுக்கு இருபதுக்குக் குறையாமல். ஆனால் அனுமதிப் படிவத்தில் 'புகைப்பழக்கம்' என்ற வரிக்கு எதிரே 'இல்லை' என்று இருந்தது. எழுதியவன் நான். மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையில் கடைசியாக ஒன்று பிடித்துவிட்டு, இனி தொடுவதில்லை என்று அண்ணியிடம் அவர் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்துக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அப்படி எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்காக அவர் இரண்டு இரவுகள் துடித்தார்.

மருத்துவர் யோசித்து, புண் ஆறுவதற்கு இடைஞ்சல் வருமா என்று பார்த்து, நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை ஒன்றை அவருடைய மேல்கையில் ஒட்டச் சொன்னார். தோல் வழியாக நிக்கோட்டின் மெல்லத்தான் ஏறும். உச்சத்தைத் தொடச் சில மணி நேரம் ஆகும். மாலைக்குள் அண்ணன் மல்லாந்து படுத்து, விட்டத்தைப் பார்த்தபடி பேசாமல் கிடந்தார். பிறகு அண்ணியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

அந்த இரண்டு இரவுகளையும் நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அண்ணன் ஜன்னலைக் கேட்டார், தண்ணீரைக் கேட்டார், வீட்டுக்குப் போக வேண்டும் என்றார், செவிலியர் மீது புகார் சொன்னார். ஒருமுறைகூட சிகரெட் கேட்கவில்லை. தனக்கு வேண்டியது அதுதான் என்பது அவருக்கே தெரியவில்லை. நான் இதை எழுதுவதற்கு இதுதான் காரணம். நிக்கோட்டின் இல்லாத தவிப்பு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. புழுக்கமாக, சத்தமாக, மனைவியின் முகமாக, கசங்கிய படுக்கை விரிப்பாக வருகிறது. பழக்கத்தை விட்டவருக்கு "சிகரெட் வேண்டும்" என்று தோன்றுவதற்கு முன்பே "இந்த அறையில் இருக்க முடியாது" என்று தோன்றிவிடுகிறது.

தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: இருப்புக்கொள்ளாமை. பதற்றம், பரபரப்பு என்பவையெல்லாம் அருகில் வரும், ஆனால் சரியாகப் பொருந்தாது. பதற்றத்துக்கு ஒரு காரணம் இருக்கும், ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம் இருக்கும். இருப்புக்கொள்ளாமைக்கு எதுவும் நடக்க வேண்டாம். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. உடம்புக்கு உடம்பே இடமாக இல்லாமல் போகிற நிலை அது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோயறி கையேடு, புகையிலையை நிறுத்தியதும் வரும் இந்தத் தவிப்பை, 'புகையிலை விலகல்' என்ற பெயரில், 1980-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் முதன்முதலாகச் சேர்த்தது. இப்போதைய பதிப்பில் அதற்கு 7 அறிகுறிகள் உண்டு. எரிச்சல் அல்லது கோபம், பதற்றம், கவனம் சிதறுதல், பசி கூடுதல், நிலைகொள்ளாமை, மனச்சோர்வு, தூக்கமின்மை. புகைப்பதை நிறுத்திய அல்லது குறைத்த 24 மணி நேரத்துக்குள் இவற்றில் குறைந்தது 4 தோன்றி, அன்றாட வாழ்வைப் பாதித்தால், வேறு நோயால் வந்ததல்ல என்றும் உறுதியானால், அது விலகல் நிலை. சிகரெட் மீதான ஏக்கம் இந்தப் பட்டியலில் இல்லை. அதை அந்தக் கையேடு வேறோர் இடத்தில், பழக்க நோயின் அடையாளங்களோடு வைத்திருக்கிறது. முதன்முறை படித்தபோது இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. அண்ணனை நினைத்துப் பார்த்ததும் விசித்திரம் போய்விட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது பெரிய விஷயம். 2010-இல் பிரான்ஸில் வெளியான ஓர் ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்த 144 நோயாளிகளைக் கவனித்தார்கள். புகைப்பவர்களில் 64 சதவீதம் பேருக்குக் கட்டுக்கடங்காத கொந்தளிப்பு ஏற்பட்டது. மற்றவர்களில் 32 சதவீதம். குழாய்களைத் தாங்களே பிடுங்கிக்கொள்வதும் புகைப்பவர்களிடம் அதிகம். ஆனால் சித்தப்பிரமை இரு தரப்பிலும் பெரிய வித்தியாசமில்லாமல்தான் இருந்தது. அதாவது புகைப்பவர்களுக்குப் புத்தி கூடுதலாகப் பிறழவில்லை, உடம்புதான் நிலைகொள்ளவில்லை. அண்ணி கேட்ட கேள்விக்கு அன்று இதைச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் ஒருவர் கொந்தளித்தால் "சிகரெட் இல்லாததுதான்" என்று வீட்டார் தாமாக முடிவுகட்டிவிடக் கூடாது. மூச்சுத் திணறல், தொற்று, சர்க்கரை குறைதல், மது நிறுத்தியதால் வரும் ஆபத்தான விலகல் எல்லாமே இதே முகத்தோடு வரும். நம் வேலை புகைப்பழக்கத்தை மறைக்காமல் சொல்வது. மற்றவற்றை மருத்துவர் பிரித்துப் பார்ப்பார்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. மூளையில் அசிட்டைல்கோலின் என்ற இயற்கையான பொருள் வந்து பொருந்துவதற்கென்று உள்ள இடங்களில், அதாவது ஏற்பிகளில், போய் அது உட்கார்ந்துகொள்கிறது. டோபமைன் சுரக்கிறது, நிறைவாகத் தோன்றுகிறது. அடிக்கடி தட்டப்படும் கதவுகள் மரத்துப்போவது போல அந்த ஏற்பிகள் உணர்விழக்கின்றன. ஈடுகட்டுவதற்கு மூளை கூடுதல் ஏற்பிகளை உருவாக்குகிறது. ஆகவே தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் மற்றவர்களைவிட அதிகமான ஏற்பிகள் இருக்கின்றன. பகலெல்லாம் அவை நிக்கோட்டினில் மூழ்கிக் கிடக்கின்றன. இரத்தத்தில் நிக்கோட்டின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரம்தான் ஆகிறது. இரவு தூங்கி எழுவதற்குள் பெரும்பகுதி வடிந்துவிடும். மரத்துக்கிடந்த அத்தனை ஏற்பிகளும் விழித்துக்கொண்டு வெறுமையாக நிற்கும். காலையின் முதல் சிகரெட்டுக்கு அப்படியொரு ருசி ஏன் என்பதற்கு இதுதான் விடை.

பழக்கத்தின் ஆழத்தை அளக்க உலகெங்கும் பயன்படுவது ஸ்வீடனைச் சேர்ந்த ஃபாகர்ஸ்ட்ராம் 1978-இல் வடிவமைத்து, 1991-இல் திருத்தப்பட்ட கேள்வித்தாள். அதில் 6 கேள்விகள். முதல் கேள்வி, விழித்தபின் எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. 5 நிமிடத்துக்குள் என்றால் அதிக மதிப்பெண். நான் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே பற்ற வைப்பவன். எனக்கு அது சுறுசுறுப்பின் அடையாளமாக இருந்தது.

இன்னொன்றையும் பதினேழு வருடங்கள் நம்பியிருந்தேன். நான் இயல்பிலேயே பரபரப்பானவன், சிகரெட்தான் என்னை ஒரு நிலையில் வைத்திருக்கிறது என்று. புகைக்கும் எவரிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதையே சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. பிடித்த உடனே மனம் அமைதியாவது உண்மை. ஆனால் எதிலிருந்து அமைதியாகிறது? முந்தைய சிகரெட் தீர்ந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஏறிய தவிப்பிலிருந்து. கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குகிறவருக்குக் கையில் பணம் வந்த அந்தப் பொழுது நிம்மதியாகத்தான் இருக்கும். 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் 26 ஆய்வுகளைத் தொகுத்து வந்த கட்டுரை, புகைப்பதை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும், தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படியே. நான் நாளெல்லாம் அணைத்துக்கொண்டிருந்த நெருப்பில் பெரும்பங்கு நான் மூட்டியதுதான் என்று அதைப் படித்த அன்று புரிந்தது. கோபம் வந்தது, உண்மையிலேயே.

அண்ணன் வீடு திரும்பி ஏழு மாதங்களுக்குப் பிறகு நானும் நிறுத்தினேன். ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். ஹியூஸ், ஹட்சுகாமி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் வகுத்த விலகல் அளவுகோலைப் பின்பற்றி ஒவ்வோர் அறிகுறிக்கும் 0 முதல் 4 வரை எண் போடுவது என் திட்டம். 0 என்றால் இல்லை, 4 என்றால் கடுமை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "கோபத்துக்கு நீங்கள் போடும் எண்ணை நம்ப முடியாது. அதை நான் போடுகிறேன்" என்று தனக்கென ஒரு பத்தி வரைந்துகொண்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. விலகலில் இருப்பவருக்குத் தன் கோபம் கோபமாகத் தெரிவதில்லை. மற்றவர்களின் தவறாகத்தான் தெரிகிறது.

முதல் நாள் எளிதாகக் கழிந்தது. இரண்டாம் நாள் மாலை தொடங்கியது. மூன்றாம் நாள் நான் எழுதிய எண் 4, அதன் கீழே அழுத்தி இரண்டு கோடுகள். அன்று ஒரு பக்கத்தைக்கூட என்னால் வாசித்து முடிக்க முடியவில்லை. தாடை இறுகி வலித்தது. கால் தானாக ஆடியது. அறைக்கும் வாசலுக்குமாக எத்தனை முறை நடந்தேன் என்பதற்குக் கணக்கில்லை. கூடவே ஒரு விநோதம்: நெஞ்சு படபடப்பதாக எண்ணி நாடியைப் பிடித்துப் பார்த்தால், வழக்கத்தைவிட நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு குறைவு. நிக்கோட்டின் இதயத்தை விரட்டிக்கொண்டிருந்தது. அது போனதும் இதயம் நிதானமாகிவிட்டது. புகைப்பதை நிறுத்தினால் நாடி குறைவது எல்லோருக்கும் பொதுவானது. உடம்பு இளைப்பாறிக்கொண்டிருந்தபோது மனம் மட்டும் அலறிக்கொண்டிருந்தது.

அன்று இரவு மகள் கதவைச் சாத்தினாள். கொஞ்சம் சத்தமாக, அவ்வளவுதான். நான் பேசிய பேச்சை இங்கே எழுத மனம் வரவில்லை. பேசும்போது ஒவ்வொரு சொல்லும் எனக்கு முழு நியாயமாகத் தெரிந்தது. பல மாதங்களாக அவளிடம் சொல்ல நினைத்ததை இப்போதுதான் சொல்கிறேன் என்றுகூட நினைத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். மனைவி என்னைப் பார்த்து, "போய் ஒன்று பிடித்துவிட்டு வாருங்கள். இதை எங்களால் தாங்க முடியாது" என்றாள்.

இந்தச் சொல் எத்தனை வீடுகளில் சொல்லப்பட்டிருக்கும்! அன்பினால்தான் சொல்கிறார்கள், அல்லது களைப்பினால். ஆனால் விட்டவர் திரும்பப் பிடிப்பதற்கு அவருக்குக் கிடைக்கும் மிக வலுவான அனுமதி இதுதான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். பின்னால் நோட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் தன் பத்தியில் 4 என்று எழுதி, பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன், நடக்கலாம்" என்றாள். அரை மணி நேரம் நடந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து, பத்து நிமிட வேக நடைகூடத் தவிப்பையும் ஏக்கத்தையும் அந்த நேரத்துக்குத் தணிக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு அது ஆய்வைவிடப் பெரிதாக இருந்தது. உட்கார இடமில்லாத உடம்புக்கு நடப்பதற்காவது ஓர் இடம் கிடைத்தது.

மறுநாள் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினேன். முதலில் சாதாரண சூயிங்கம்போல மென்று, விக்கலும் நெஞ்சு எரிச்சலும் வந்து, இது பயனில்லை என்று தூக்கி எறிந்தேன். மருந்தாளுநர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சில முறை மென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். விழுங்கும் உமிழ்நீரோடு நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய்ப் பயனில்லை. வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். காபியோ பழச்சாறோ குடித்த கால் மணி நேரத்துக்கு அதைப் போடக் கூடாது. புளிப்பு அதை ஏறவிடாது. இந்தச் சூயிங்கம் பிறந்த கதை என்னை மிகவும் தொட்டது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத ஸ்வீடன் கடற்படையினர் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறி நிம்மதியடைவதை லண்ட்கிரென் என்ற மருத்துவர் கவனித்து, ஃபெர்னோ என்ற வேதியியலாளரிடம் சொன்னார். 1960-களின் இறுதியில் தொடங்கிய அந்த வேலை 1978-இல் சுவிட்சர்லாந்தில் மருந்தாக அனுமதி பெற்றது. மூடிய இரும்புக் கூட்டுக்குள் இருப்புக்கொள்ளாமல் தவித்தவர்களிடமிருந்து வந்த மருந்து.

வேரெனிக்ளின் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவை ஏற்பியில் உட்கார்ந்து அதைப் பாதியளவே தூண்டி வைப்பவை. அவற்றாலேயே கொந்தளிப்பு வருகிறது என்ற அச்சம் சில காலம் இருந்தது. 8,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016-இல் வெளியான பெரிய சோதனையில், ஒட்டுப்பட்டையையோ மருந்தில்லாத வெற்று மாத்திரையையோ விட வேரெனிக்ளின் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதல் மனநலத் தொல்லை தரவில்லை என்று தெரிந்தது. மருந்தின் மீது விழுந்த பழியில் விலகலின் பங்கும் இருந்திருக்கிறது.

பத்தாம் நாள் வாக்கில் நோட்டில் எண்கள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. கை நடுக்கம், தூக்கமின்மை, உள்ளங்கை வியர்வை. மனம் விட்டுப்போகிற நிலை. அப்போதுதான் காபி பற்றித் தெரிந்துகொண்டேன். புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. காஃபீனைக் கரைப்பது அந்த நொதிதான். புகைப்பவருக்குக் காஃபீன் வேகமாகக் கரைவதால் அவர் நிறையக் குடித்துத் தாங்குவார். நிறுத்திய சில நாட்களில் நொதி பழைய அளவுக்கு இறங்கிவிடும். அதே அளவு காபி குடித்தால் இரத்தத்தில் காஃபீன் இரு மடங்குக்கு மேலும் ஏறலாம். நானோ சிகரெட் இல்லாத வெறுமையை நிரப்ப வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தேன். சூயிங்கமோ ஒட்டுப்பட்டையோ இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் இது புகையின் வேலை, நிக்கோட்டினின் வேலை அல்ல. காபியைப் பாதியாகக் குறைத்தேன். குறைத்த மூன்றாம் நாளே இரவில் தூங்கினேன். விட முயன்று பத்தாம் நாளில் தோற்றுப்போனவர்களில் எத்தனை பேரைக் காபி தோற்கடித்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். குளோசாபின், ஓலான்சாபின் போன்ற மனநல மருந்துகள் எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறும். அவர்கள் நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

விலகல் தவிப்பு பெரும்பாலும் முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்குகிறது. பசி மட்டும் நீண்ட நாள் நிற்கும். கூடுதலாக முளைத்த ஏற்பிகள் 6 முதல் 12 வாரங்களுக்குள் மற்றவர்களின் அளவுக்குத் திரும்பிவிடுவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. எனக்கு இந்த எண்கள் பெரிய துணையாக இருந்தன. முடிவு தெரியாத தவிப்பு வேறு, நாள் குறித்த தவிப்பு வேறு.

பதினாறாம் நாள் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். "எப்படிடா இருக்கிறாய்?" என்று கேட்டார். "எல்லாரும் தப்புத் தப்பாகச் செய்கிறார்கள் அண்ணா" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஜன்னல் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். சட்டென்று தொண்டை அடைத்துக்கொண்டது.

மகளிடம் மூன்றாம் நாள் இரவைப் பற்றிப் பேச எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நிக்கோட்டின் பேசியது என்று சொல்லித் தப்பிக்க நினைக்கவில்லை. ஏற்பிகளைப் பற்றி அவளுக்குப் படம் வரைந்து காட்டினேன். அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவள் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் எத்தனை காலியாக இருக்கிறது அப்பா?" என்று கேட்டாள்.

நோட்டை நாற்பதாம் நாள்வரை எழுதினேன். ஒருநாள் பழைய பக்கங்களைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். மனைவியின் பத்தி இருபத்தாறாம் நாளோடு நின்றிருந்தது. கடைசியாக அவள் போட்ட எண் 1. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "நிறுத்தினேனா? மறந்துவிட்டேன் போலிருக்கிறது" என்றாள்.